மாதபா, நேபோ, யோர்தான்: மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும் முறை

ஜோர்டான் நாட்டின் தலைநகர் அம்மானில் தங்கும் நாள்களில் ஒன்றை ஒதுக்கி, வயதான பெற்றோருடன் மாதபாவின் மொசைக் தரைகளையும் (சிறு கற்சில்லுகளால் படம் பதித்த தரைகள்), மோசே நின்ற நேபோ மலையையும், இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையையும் பார்த்துவிட முடியுமா, கூடவே மக்கேரஸ் கோட்டையையும் உம் அர்-ரசாஸையும் சேர்த்துக்கொள்ளலாமா, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றையும் ஒரே நாளில் நிதானமாகவே பார்க்கலாம். மற்ற இரண்டையும் அதே நாளில் திணிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வரிசையைப் பொறுத்தவரை, கோடை மாதங்களைத் தவிர மற்ற காலங்களில் முதலில் மாதபா, பிறகு நேபோ, கடைசியில் ஆறு என்று போவதே சரி. தூரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. மாதபாவில் தரையில் பதித்திருக்கும் வரைபடத்தை முதலில் படித்துவிட்டால், நேபோவின் உச்சியிலிருந்து தெரியும் நிலம் அந்த வரைபடமே விரிந்து கிடப்பதாகத் தோன்றும். அதன்பின் அந்த நிலத்துக்குள்ளேயே இறங்கி ஆற்றங்கரையில் நிற்பீர்கள். வரிசை மாறினால் மூன்றும் தனித்தனிச் சுற்றுலாத் தளங்களாகவே மனத்தில் தங்கும்.

தூரங்கள் குறைவுதான். அம்மானிலிருந்து மாதபா ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நகர நெரிசலைக் கணக்கில் கொண்டால் முக்கால் மணி நேரம். மாதபாவிலிருந்து நேபோ 10 கிலோமீட்டருக்குள். நேபோவிலிருந்து ஞானஸ்நானத் தளத்துக்கு மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து அம்மானுக்குத் திரும்ப ஒரு மணி நேரம். மாதபா வரை அம்மானிலிருந்து சிற்றுந்துகள் ஓடுகின்றன. ஆனால் அதற்கு அப்பால் பொதுப் போக்குவரத்தை நம்பிப் பயனில்லை. பெற்றோருடன் போகும்போது நாள் முழுவதற்கும் ஓட்டுநருடன் ஒரு காரை அமர்த்திக்கொள்வதே நல்லது. இன்னொரு வழியும் உண்டு. அரசி ஆலியா விமான நிலையம் அம்மான் நகரத்தைவிட மாதபாவுக்கே அருகில் இருக்கிறது. ஆகவே வந்திறங்கும் இரவோ புறப்படும் முந்தைய இரவோ மாதபாவிலேயே தங்கினால், காலையில் முதல் ஆளாக ஆலயத்துக்குப் போய்விடலாம்.

மாதபா பழைய மோவாப் நாட்டு ஊர். தமிழ் வேதாகமத்தில் எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் மேதேபா என்று வருவது இதுதான். மோவாபிய அரசன் மேசா நிறுத்திய கல்வெட்டிலும் இதன் பெயர் உண்டு. பைசாந்தியக் காலத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் ஆட்சியில், ஆயர் ஒருவரின் தலைமையிடமாகச் செழித்திருந்த இந்த ஊர், 8ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்துக்குப் பின் படிப்படியாக வெறிச்சோடி, பல நூற்றாண்டுகள் மண்மேடாகவே கிடந்தது. 1880களில் கராக் நகரிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே குடியேறி வீடு கட்ட அடித்தளம் தோண்டியபோதுதான் ஒவ்வொரு மனையிலும் ஏதோ ஒரு மொசைக் தரை தலைகாட்டியது. ஊர் தொடர்ந்து மக்கள் நெரிசலோடு இருந்திருந்தால் இந்தத் தரைகளில் பாதிகூட மிஞ்சியிருக்காது. இங்குள்ள கற்சில்லுகளில் பெரும்பாலானவை சாயம் ஏற்றாத சுண்ணாம்புக் கல்தான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை எல்லாம் கல்லின் இயல்பான நிறம். நிறம் இத்தனை காலம் மங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

புனித ஜார்ஜ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயம் வெளியிலிருந்து பார்க்க மிகச் சாதாரணக் கட்டடம். 1896இல் ஒரு பைசாந்திய ஆலயத்தின் இடிபாட்டின் மேல் எழுப்பப்பட்டது. அந்தக் கட்டுமானத்தின்போது பழைய தரையின் பகுதிகள் சேதமுற்றன என்பது வருத்தத்துக்குரியது. முழுமையாக இருந்த காலத்தில் வரைபடம் 21 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டிருந்ததாகவும், அதற்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கற்சில்லுகள் தேவைப்பட்டிருக்கும் என்றும் கணிக்கிறார்கள். இன்று துண்டு துண்டாக எஞ்சியிருப்பது அதில் ஒரு பகுதிதான். ஆனால் லெபனான் பக்கத்திலிருந்து நைல் ஆற்றின் கழிமுகம் வரை நீண்ட ஒரு நிலப்பரப்பை ஊர் ஊராகப் பெயரெழுதிக் காட்டிய வரைபடத்தின் நெஞ்சுப் பகுதி, அதாவது யோர்தானும் சாக்கடலும் எருசலேமும், தப்பிப் பிழைத்திருக்கிறது. விவிலிய நிலங்களைக் காட்டும், இன்று எஞ்சியுள்ள வரைபடங்களில் இதுவே மிகப் பழையது.

அதைப் பார்க்க நிற்கும் இடம் முக்கியம். நம்முடைய பள்ளிப் படங்களில் வடக்கு மேலே இருக்கும். இங்கே கிழக்குதான் மேலே. பலிபீடம் கிழக்கில் இருப்பதால், உள்ளே வருபவர் பீடத்தை நோக்கி நிற்கும்போது படமும் நேராகத் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். எனவே பீடத்தை முகம் பார்த்து நின்றால், உங்கள் இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. சாக்கடல் மேல்பகுதியில் குறுக்காகப் படுத்திருக்கும். இடப்பக்கத்திலிருந்து யோர்தான் வந்து அதில் விழும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர்கள் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வெளியே வந்துவிடுகிறார்கள். ஆலயத்துக்குள் நுழையும் முன் வெளியே வைத்திருக்கும் பெரிய பிரதியின் முன் கால் மணி நேரம் செலவிடுங்கள். உங்கள் அம்மா அப்பாவும் அமர்ந்து கேட்கலாம்.

படத்தின் நடுநாயகம் எருசலேம். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ள முட்டை வடிவத்தில், மதில்களும் கோபுரங்களுமாக நகரம் முழுவதும் மேலிருந்து பார்ப்பதைப் போலக் காட்டப்பட்டிருக்கிறது. அருகே கிரேக்க எழுத்தில் ‘எருசலேம் பரிசுத்த நகரம்’ என்ற பெயர். இடக்கோடியிலுள்ள வடக்கு வாயிலுக்குள் ஒரு திறந்த வெளி, அதன் நடுவே ஒற்றைத் தூண். அந்தத் தூண் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; ஆனால் டமாஸ்கஸ் வாயில் என்று நாம் சொல்லும் அந்த வாயிலை அரபு மக்கள் இன்றும் தூண் வாயில் என்றே அழைக்கிறார்கள். தூணிலிருந்து நகரின் குறுக்கே இருபுறமும் தூண் வரிசையுடன் ஓடும் பெருந்தெரு கார்டோ. அந்தத் தெருவின் நடுவில், கீழ்ப்பக்கமாக, தலைகீழாகத் தெரியும் கட்டடம்தான் இயேசுவின் கல்லறை ஆலயம்: படிகள், மூன்று கதவுகள், சிவப்புக் கூரை, பொன்னிறக் குவிமாடம். தெருவிலிருந்து அதற்குள் நுழையும் வாயில் கிழக்கே பார்த்திருந்ததால், கலைஞர் அதைத் தெருவை நோக்கியே வைத்து, பார்ப்பவருக்குத் தலைகீழாக்கிவிட்டார். வரைபடத்தின் ஒழுங்கைவிட இடத்தின் ஒழுங்கு அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

இந்த நகரப்படம் வெறும் அலங்காரமன்று என்பதற்குச் சான்று மண்ணுக்கடியிலிருந்தே வந்தது. தெருவின் தென்கோடியில் பெரிய ஆலயமொன்று தெரியும். அது யஸ்தீனியன் பேரரசர் கட்டி 542இல் அர்ப்பணித்த நேயா என்னும் கன்னி மரியாள் ஆலயம். அது எங்கே இருந்தது என்பது நெடுங்காலம் வெறும் ஊகமாகவே இருந்தது. 1970களில் தொல்லியலாளர் நகுமான் அவிகாட் எருசலேமின் யூதக் குடியிருப்பில் நடத்திய அகழாய்வில், அந்த ஆலயத்தின் அடித்தளமும் கார்டோ தெருவின் தொடர்ச்சியும் மொசைக்கில் காட்டியிருந்த இடத்திலேயே வெளிப்பட்டன. நேயா படத்தில் இருக்கிறது, 570க்குப் பின் எழுந்த கட்டடங்கள் எவையும் இல்லை என்பதை வைத்துத்தான் இந்தத் தரையின் காலத்தை 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கணிக்கிறார்கள்.

பெற்றோருக்குக் காட்ட நான் தேர்ந்தெடுப்பது வேறொன்று. யோர்தான் சாக்கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றில் இருக்கும் மீன்களைப் பாருங்கள். ஒரு மீன் கடலை நோக்கிப் போகாமல், முகத்தைத் திருப்பி வந்த வழியே நீந்துகிறது. உப்புநீரில் உயிர் தங்காது என்பதை ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் சொல்லிவிட்டார் அந்தக் கைவினைஞர். ஆற்றின் மேல் கரைக்குக் கரை கயிறு கட்டி இழுக்கும் தோணிகளும் உண்டு. பாலமில்லாத இடங்களில் மக்கள் அப்படித்தான் கடந்திருக்கிறார்கள். எரிகோவைச் சுற்றிப் பேரீச்ச மரங்கள். கரைக்கு அப்பால் ஒரு மான் ஓடுகிறது. அதைத் துரத்திய சிங்கத்தின் உடல் கலைந்துபோய்க் கிடக்கிறது. சாக்கடலின் படகுகளிலும் ஆட்கள் இருந்த இடத்தில் பொருளற்ற கற்கலவைதான். அது காலத்தால் நேர்ந்த சேதமன்று. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாதபாவில் இந்த ஆலயத்தோடு நிறுத்திக்கொள்பவர்களே பெரும்பாலோர். நேரமிருந்தால் அப்போஸ்தலர் ஆலயத்தை விடாதீர்கள். 578ஆம் ஆண்டுத் தரை அது. நடுவில் ஒரு வட்டத்துக்குள் அலைகளிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள், சுற்றிலும் மீன்களும் கடல் விலங்குகளும். அவள் கடலின் உருவகமான தலாசா. கிறிஸ்தவ ஆலயத்தின் நடுத்தரையில் கிரேக்கப் புராணத்தின் கடல்மகள் எப்படி வந்தாள் என்று வியக்கத் தோன்றும். ஆனால் அக்கால மாதபாவின் பணக்காரக் கிறிஸ்தவர்களுக்கு அது முரணாகவே படவில்லை. மொசைக் செய்தவர் தம் பெயரையும் பதித்திருக்கிறார்: சலமானியோஸ். நகரின் தொல்லியல் பூங்காவில் ஹிப்போலிட்டஸ் கூடம் என்னும் மாளிகைத் தரையும் இதே மனநிலையைக் காட்டும்; ஹிப்போலிட்டஸ் மேல் காதல் கொண்ட சிற்றன்னை ஃபீத்ராவும், கிரேக்கரின் காதல் தெய்வம் அஃப்ரோதித்தியும், குறும்பு செய்யும் சிறகுள்ள குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள். அதே பூங்காவில் மக்கேரஸ் கோட்டையிலிருந்து கொண்டுவந்த, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டின் மொசைக் ஒன்றும் உண்டு. ஜோர்டானில் கிடைத்தவற்றிலேயே அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் மக்கேரஸ் போகாத குறை ஓரளவு தீரும்.

பதினொரு மணிக்குள் மாதபாவை விட்டுக் கிளம்புங்கள். நேபோவுக்கு முற்பகலில் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து நீங்கள் பார்க்கப்போவது மேற்கே. பிற்பகலில் போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், பள்ளத்தாக்கு முழுவதும் வெண்ணிறப் புகையாகத்தான் தெரியும். முற்பகலில் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்.

உபாகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசே ‘நேபோ மலையிலிருக்கும் பிஸ்காவின் கொடுமுடியில்’ ஏறி, தாம் நுழைய முடியாத நாட்டைப் பார்க்கிறார். இன்று ஆலயம் இருக்கும் சியாகா என்னும் முகடு கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டியது. அதன் மேற்கு விளிம்பிலுள்ள மேடையில் நின்றால் இடப்பக்கம் சாக்கடலின் வடமுனை, நேர் எதிரே பள்ளத்தாக்கில் எரிகோவின் பச்சைத் திட்டு, அதற்கு மேலே யூதேயாவின் வறண்ட மலைகள். மழை பெய்து ஓய்ந்த குளிர்கால நாளில் ஒலிவ மலையின் கோபுரங்கள்கூடத் தெரியும். எருசலேம் அங்கிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர்தான். கோடையில் எரிகோ தெரிந்தாலே அதிர்ஷ்டம். காலையில் மாதபாவில் பார்த்த ஊர்ப்பெயர்களை இங்கே நின்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். ஒரே ஒரு மாற்றம்: அங்கே நீங்கள் கிழக்கு நோக்கி நின்று படித்தீர்கள், இங்கே மேற்கு நோக்கி நிற்கிறீர்கள், எனவே இடம் வலம் மாறும்.

மேடையில் நிற்கும் பாம்புச் சிலுவை இத்தாலியக் கலைஞர் ஜொவானி ஃபந்தோனி செய்தது; வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தையும் சிலுவையையும் ஒன்றாக்கிய உருவம். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது அங்கேதான். ஆனால் நேபோவின் உண்மையான செல்வம் ஆலயத்துக்குள் இருக்கிறது. ‘இந்நாள்வரைக்கும் ஒருவனும் அவன் பிரேதக்குழியை அறியான்’ என்று மோசேயைப் பற்றி வேதாகமம் சொல்லியும், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த எகேரியா என்னும் பெண் யாத்திரிகருக்கு, உச்சியிலிருந்த சிறிய ஆலயத்தில் கல்லறையளவு உயர்ந்த ஓர் இடத்தைத் துறவிகள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறிய ஆலயம் அடுத்த இரு நூற்றாண்டுகளில் பெரிய மடமாக வளர்ந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1932இல் இந்த இடத்தை வாங்கினார்கள். மறு ஆண்டே அகழாய்வு தொடங்கியது. பின்னாளில் ஜோர்டானின் மொசைக்குகளையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்ட தொல்லியலாளர் மிக்கேலே பிச்சிரில்லோ 2008இல் மறைந்தபின் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நெடுங்காலம் சீரமைப்புக்காக மூடிக் கிடந்த ஆலயம் 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பழைய ஞானஸ்நான மண்டபத்தின் தரைக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 531 ஆகஸ்டு என்ற தேதியும், சோயெலோஸ், காயோமோஸ், எலியாஸ் என்ற கைவினைஞர் பெயர்களும் அதிலேயே இருக்கின்றன. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்டபத்தின் மட்டத்தை உயர்த்தி மேலே புதிய தரை போட்டபோது இது மண்ணுக்குள் போனது; மேல்தரையைப் பெயர்த்தெடுத்த 1976இல் கிட்டத்தட்ட முழுமையாக வெளிவந்தது. மிதிபடாமல் புதைந்திருந்ததால்தான் வேட்டைக்காரர் முகத்தின் கோடுகள்கூடக் கூர்மையாக இருக்கின்றன. நான்கு வரிசைகள். மேல்வரிசையில் மரத்தில் கட்டியிருக்கும் மாட்டைச் சிங்கத்திடமிருந்து ஒருவன் காக்கிறான். அந்த மாட்டின் திமிலைப் பார்த்ததும் நம்மூர்க்காரர் யாருக்கும் முகம் மலரும். அடுத்ததில் குதிரைமேல் வேட்டை. அதன்கீழ் மரத்தடியில் உட்கார்ந்து ஆடுகள் இலை தின்பதைப் பார்த்திருக்கும் மேய்ப்பன். கடைசி வரிசையில் ஒருவன் நெருப்புக்கோழியைக் கயிற்றில் பிடித்து நடத்துகிறான். இன்னொருவன் கையில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும். அந்த ஒட்டகச்சிவிங்கி கிட்டத்தட்ட ஒட்டகம்தான், மேலே சிறுத்தைப் புள்ளிகள் மட்டும் தூவியிருக்கிறார்கள். செய்தவர் அந்த விலங்கைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், யாரோ சொல்லக் கேட்டுச் செய்தார் என்றே நான் நினைக்கிறேன்.

பகல் உணவை மாதபாவிலோ நேபோ சாலையிலோ முடித்துவிடுங்கள். ஆற்றங்கரையில் ஒழுங்கான சாப்பாடு கிடைக்குமென்று நம்பிப் போக வேண்டாம். நேபோவிலிருந்து இறங்கும் சாலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே போகிறீர்கள். காது அடைக்கும், வெப்பம் பத்து டிகிரி வரை கூடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குத் தண்ணீர் கைவசம் இருக்கட்டும்.

அல்-மக்தாஸ் எனப்படும் ஞானஸ்நானத் தளம் எல்லைப் பகுதியில் இருப்பதால் கடவுச்சீட்டை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். விருப்பம்போல் உள்ளே சுற்றவும் முடியாது. பார்வையாளர் மையத்திலிருந்து தளத்தின் சிற்றுந்து வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும். பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. பாதையின் பல பகுதிகளுக்கு நிழற்கூரை உண்டு, ஆனாலும் மண்பாதை, இடையிடையே படிகள். முழங்கால் வலியுள்ளவர்கள் மெதுவாக வருவதாக வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; எல்லாமாக ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கடைசிச் சுற்று, தளம் மூடுவதற்கு நெடுநேரம் முன்பே புறப்பட்டுவிடும். குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரைக்குள் மையத்தை அடைந்துவிட்டால் பதற்றமில்லை.

இந்தப் பகுதி 1967 போருக்குப் பின் கண்ணிவெடி புதைத்த இராணுவ மண்டலமாகிவிட்டது. 1994இல் ஜோர்டானும் இஸ்ரேலும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே கண்ணிகளை அகற்றினார்கள். 1996 முதல் முகமது வகீப் தலைமையில் அகழாய்வு நடந்தது. போப் இரண்டாம் ஜான் பால் 2000இல் இங்கே வந்தார். 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 6ஆம் நூற்றாண்டில் வந்த தியோடோசியஸ் என்னும் யாத்திரிகர், பேரரசர் அனஸ்தாசியஸ் கட்டிய யோவான் ஆலயம் ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி உயரமான வளைவுகளின் மேல் நின்றதாகவும், ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற இடத்தில் இரும்புச் சிலுவை தாங்கிய தூண் ஒன்று இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அகழ்ந்தபோது கிடைத்த ஆலய அடித்தளங்களும், தண்ணீருக்குள் இறங்கும் பளிங்குப் படிக்கட்டும் இந்தச் சாட்சியத்தோடு ஒத்துப்போகின்றன. ஆறு மேற்கே ஒதுங்கிவிட்டதால் இன்று அந்தப் படிகளின் கீழே ஓடும் நீர் இல்லை. சற்றுத் தள்ளி எலியா அக்கினி இரதத்தில் ஏறிய இடமென்று மரபு சொல்லும் குன்றில், ரொட்டோரியோஸ் என்னும் மடத்தலைவரின் காலத்தில் மடம் கட்டப்பட்டதைச் சொல்லும் மொசைக் எழுத்து இருக்கிறது.

ஆற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் காவிரியை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எதிரே இருப்பதோ சில மீட்டர் அகலமுள்ள, சேற்று நிற ஓடை. மேலே கலிலேயா ஏரியிலும் யார்முக் ஆற்றிலும் இஸ்ரேலும் ஜோர்டானும் சிரியாவும் நீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகின்றன. எதிர்க்கரையில் கஸ்ர் அல்-யகூத் என்னும் இடத்தில் வெள்ளை அங்கி அணிந்து மூழ்கி எழுபவர்களின் பாடல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவே இருப்பது ஒரு நாட்டின் எல்லை. அங்கிருந்து ஆளுக்கொரு கருத்தாகப் பேசுவார்கள், ஞானஸ்நானம் எந்தக் கரையில் நடந்தது என்று. யோவான் 1:28 ‘யோர்தானுக்கு அக்கரையில்’ என்று சொல்கிறது, அதாவது எருசலேமிலிருந்து பார்க்கக் கிழக்குக் கரை. ஊரின் பெயர் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் பெத்தாபரா, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் பெத்தானியா. கையெழுத்துப் பிரதிகளிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. ஆகவே பெயர்ப்பலகையில் பெத்தானியா என்று கண்டால் லாசருவின் ஊர் என்று குழம்ப வேண்டாம். இப்போது காலையில் பார்த்த வரைபடத்தை நினைவுகூருங்கள்: அது பெத்தாபராவை மேற்குக் கரையில் குறித்துவிட்டு, நேர் எதிரே கிழக்குக் கரையில் ‘அயினோன், இப்போதைய சப்சபாஸ்’ என்று எழுதியிருக்கிறது. இன்றைய அல்-மக்தாஸ் இந்த இரண்டாவது இடத்தோடு பொருந்துகிறது. ஆக, 6ஆம் நூற்றாண்டிலேயே இரு கரைகளிலும் யாத்திரிகர்கள் நின்றிருக்கிறார்கள். கிழக்குக் கரையின் சான்று வலுவானது என்பது என் கருத்து. ஆனால் எதிர்க்கரையில் மூழ்குபவரின் பக்தி அதனால் குறைந்துவிடாது.

இங்கே ஒரு விதிவிலக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பள்ளத்தாக்கில் பிற்பகல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகும். அந்த மாதங்களில் வரிசையைத் தலைகீழாக்குங்கள்: தளம் திறக்கும் நேரத்துக்கே ஆற்றுக்கு, உச்சிவேளைக்குள் நேபோவுக்கு, கூரை நிழலில் பார்க்கக்கூடிய மாதபாவைப் பிற்பகலுக்கு. அப்படியானால் வரைபடத்தின் நல்ல படமொன்றை முந்தைய இரவே அறையில் பெற்றோருடன் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதானால், புனித ஜார்ஜ் ஆலயத்தில் காலை வழிபாடு முடியும்வரை பார்வையாளர்களை விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். ஜோர்டான் பாஸ் என்னும், பல தளங்களுக்கான ஒரே நுழைவுச் சீட்டை வைத்திருந்தால் அது மாதபா தொல்லியல் பூங்கா போன்ற அரசுத் தளங்களில் செல்லும். புனித ஜார்ஜ் ஆலயம், நேபோ, ஞானஸ்நானத் தளம் மூன்றுக்கும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

இனி மக்கேரஸ். மாதபாவுக்குத் தென்மேற்கே, சாக்கடலைப் பார்த்த ஒரு தனிக்குன்றின் உச்சியில் இருக்கும் ஏரோதுவின் கோட்டை அது. யோவான் ஸ்நானகன் சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான் என்று எழுதியவர் வரலாற்றாசிரியர் யோசிபஸ். சுவிசேஷங்கள் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. இடம் கம்பீரமானது, ஆனால் உச்சிக்கு ஏறும் பாதை செங்குத்தானது, நிழல் கிடையாது, போய்வர அரை நாள் போய்விடும். பெற்றோருடன் என்றால் தவிர்க்கலாம். உங்களுக்கு மட்டும் ஆசையென்றால் வேறொரு நாள் காலையில் தனியாகப் போய்வாருங்கள்.

உம் அர்-ரசாஸ் கதை வேறு. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. மாதபாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் இந்த இடிந்த ஊர் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள புனித ஸ்தேவான் ஆலயத்தின் தரை, இஸ்லாமிய ஆட்சி வந்து நூறாண்டுகளுக்குப் பின் போடப்பட்டது. பீடப்பகுதியின் எழுத்து 756ஆம் ஆண்டைக் காட்டுகிறது. கலீபாக்களின் ஆட்சியில் கிறிஸ்தவக் கைவினைஞர்கள் இவ்வளவு பெரிய ஆலயத் தரையை அமைத்தார்கள் என்பதே பாடநூல் வரலாற்றைச் சற்று மாற்றி எழுத வைக்கிறது. ஓரப் பட்டையில் எருசலேம் தொடங்கி யோர்தானின் இரு கரைகளின் நகரங்களும், உள்பட்டையில் நைல் கழிமுகத்தின் ஊர்களும் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. ஆனால் நடுத்தரையில் இருந்த மனித உருவங்களும் விலங்குகளும் எல்லாம் கலைந்துபோயிருக்கின்றன. குனிந்து பார்த்தால் தெரியும்: சுத்தியலால் உடைத்த தடம் இல்லை. உருவத்தின் வெளிக்கோடு அப்படியே இருக்க, அதற்குள் அதே கற்சில்லுகளைப் பெயர்த்து, இடம் மாற்றி, பொருளில்லாத நிறக்கலவையாக மறுபடி பதித்திருக்கிறார்கள். மாதபா வரைபடத்தின் படகோட்டிகளுக்கும் சிங்கத்துக்கும் நேர்ந்ததும் இதுவே. மாதபாவுக்கு அருகிலுள்ள மாயீன் ஊரின் ஒரு தரையில் மாட்டின் இடத்தில் ஒரு மரத்தை வைத்தவர்கள், மாட்டின் குளம்புகளையும் வாலையும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கலீபா இரண்டாம் யாசித் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவங்களுக்கு எதிராக இட்ட ஆணையின் விளைவா, அக்காலச் சூழலில் கிறிஸ்தவர்களே முன்வந்து செய்ததா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆனால் வழிபாடு தொடர வேண்டும், தரை கெடக்கூடாது என்ற அக்கறையோடு, தொழில் தெரிந்த கைகளே இதைச் செய்திருக்கின்றன என்பது அந்தக் கற்களைப் பார்த்தால் விளங்கும்.

அதற்கென்று தனி நாள் வேண்டாம். உம் அர்-ரசாஸ், பழைய அரசர் சாலைக்கும் பாலைவன நெடுஞ்சாலைக்கும் இடையில் இருப்பதால், நீங்கள் தெற்கே பாறையில் குடைந்த பழைய நகரமான பெத்ராவுக்குப் போகும் நாளில் காலை ஏழரைக்கு அம்மானை விட்டால், வழியில் இறங்கி ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, கிழக்கே நெடுஞ்சாலையில் ஏறிப் பிற்பகலில் பெத்ராவை அடைந்துவிடலாம். கூரை போட்டிருக்கும் ஆலயத்துக்குள் மரப்பாலத்தின் மேலிருந்தே தரையைப் பார்க்கலாம், பெற்றோருக்கும் சிரமமில்லை. அந்தச் சிற்றூரில் கடைகள் குறைவு என்பதால் குடிநீரும் சிற்றுண்டியும் அம்மானிலேயே வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் முந்தைய நாளே சொல்லி, சுற்றுவழிக்கான கூடுதல் தொகையையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.